மைனி கவிழ்ந்த ஞாயிற்றுக்கிழமை

அதிபர் ஆட்சி முறைக்கும் நாடாளுமன்ற ஆட்சி முறைக்கும் உள்ள வேறுபாடுகளை விவரி. இந்தக் கேள்வியை எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன் என்று எனக்கே நினைவில்லை. புதுக்கடைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் தாளின் நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் இந்தியா. அங்கே ஆட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே காலம் முடியும்வரை ஆளை அசைப்பது லேசில்லை. இங்கே பெரும்பான்மை போனால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படி ஐந்து எழுதினால் முழு மதிப்பெண். நானும் சிவப்பு மையில் சரி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது என் மைனி. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். இந்த மைனி புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். வாய் என்றால் அப்படியொரு வாய். எனக்கும் கோபம் மூக்கு நுனியில் இருப்பதால் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதைத் தூரத்தில் நின்று கேட்பவர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். பள்ளி விட்டு நான் சந்தை வழியே வந்தால், எனக்கென்று எடுத்து வைத்த சாளை மீனை வாழையிலையில் சுற்றிக் கையில் திணிப்பாள். "பிள்ளியளுக்கு அமெரிக்காவ படிச்சுக் குடுத்தாச்சா டீச்சரம்மா? இத கொண்டு போய் வச்சுத் தின்னு. ஆளு காஞ்ச நெத்தோலி மாதிரி இரிக்கா" என்பாள். எத்தனை பேர் முன்னால் என்றெல்லாம் பார்க்க மாட்டாள்.

எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே கடலோரம். ஊர் என்றால் கோயில்தான். கோயில் என்றால் மாதா கோயில். நாற்பது ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஜெபக்கூட்டம். அதற்கு அன்பியம் என்று பெயர். அப்படிப் பதினொரு அன்பியங்கள் சேர்ந்தது எங்கள் பங்கு. ஊர்க் காரியங்களைப் பார்க்க ஒரு பங்குப் பேரவை. அதற்குத் தலைவர் பங்குத்தந்தை. அவரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஆயர் அனுப்பி வைக்கிறார். அன்றாட ஆட்சி துணைத்தலைவர் கையில். ஃபாதர் எங்களுக்குக் குடியரசுத் தலைவர் மாதிரி, பேரவை முடிவு செய்தால் கையெழுத்துப் போடுவார். துணைத்தலைவர்தான் பிரதமர். வகுப்பில் நான் இதையே உதாரணமாகச் சொல்வேன், கடற்கரைப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

முன்னெல்லாம் துணைத்தலைவரை நேரடியாகவே தேர்ந்தெடுத்தோம். ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு சீட்டு. பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அதிக சீட்டு வாங்கியவர் மூன்று வருடத்துக்குத் துணைத்தலைவர். அச்சு அசல் அதிபர் முறை. அப்படி ஜெயித்து வந்த ஒருவருக்குப் பதவியேற்ற ஐந்தாம் மாதம் குவைத் விசா வந்தது. மனிதர் விமானம் ஏறினார். பதவியை விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே கொண்டு போனார். பங்கு மண்டபத்தின் சாவியும் அவர் பெட்டியோடு போய்விட்டது.

அதன் பிறகு எங்கள் ஊர் ஆட்சி வாட்ஸ்அப்பில் நடந்தது. மண்டபத்துக்கு வெள்ளையடிக்கலாமா, கோயில் கிணற்றில் மோட்டார் மாற்றலாமா என்று இங்கிருந்து கேட்பார்கள். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் குரல் செய்தி வரும். பின்னால் ஏசி இரையும் சத்தத்தோடு, "செய்யலாம், ஆனா நான் வந்தப் பெறவு செய்யலாம்" என்பார். ராஜினாமா செய்யுங்கள் என்று கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில் ஊர் முழுக்கச் சுற்றியது. "ஊர்சனம் மூணு வருஷத்துக்காக்கும் எனக்கு ஓட்டுப் போட்டது. இடையில எறக்க எவனுக்கு அதிகாரம்?" கேட்டவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. இறக்குவதற்கு விதியே கிடையாது.

அவர் காலம் ஒருவழியாக முடிந்ததும் ஃபாதர் என்னை அழைத்தார். "டீச்சர், நீங்கதான் படிச்சவங்க. இனிமே இப்படி நடக்காத மாதிரி ஒரு விதி எழுதிக் குடுங்க" என்றார். கேட்க வேண்டுமா? இரண்டு நாள் லீவு போட்டு எழுதினேன். அன்பியத்துக்கு ஒரு பிரதிநிதி, ஆகப் பதினொரு பேர். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைக் குறைந்தது ஆறு கையோடு துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சரியில்லை என்றால் கடிதம் கொடுத்து ஏழு நாள் கழித்துக் கூட்டம் போட்டு, பதினொரு பேரில் ஆறு பேர் கை தூக்கினால் இறக்கிவிடலாம். பேரவை அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஓட்டு இல்லாத செயலாளராக என்னையே உட்காரவும் வைத்தது. நாட்டுக்கே அரசியலமைப்பு எழுதிக் கொடுத்த மாதிரி நடை மாறிவிட்டது எனக்கு.

அண்ணன் மட்டும் சிரித்தான். அவன் வள்ளத்தில் ஸ்ராங்கு. படகை ஓட்டுவதும் எங்கே வலை போடுவது என்று முடிவு செய்வதும் அவன்தான். கடலிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

"ஏட்டி, கடல்ல போனா ஸ்ராங்கு ஒருத்தன்தான். பிடிக்கலன்னா கரைக்கு வந்தப் பெறவு மாத்து. நடுக்கடல்ல வச்சுக் கை தூக்கி ஓட்டு எடுப்பியளா?"

"ஸ்ராங்கு தண்ணியப் போட்டுட்டு பாறையில கொண்டு ஏத்தினா?"

"அப்பம் எல்லாருமா நீந்தணும். வேற என்ன செய்ய?"

"அதுக்குத்தான் விதி எழுதியிருக்கு. முதல்லயே எறக்கிரலாம்."

"எறக்கி? நடுக்கடல்ல எறக்கிவிட்டா அவன் மட்டும் நீந்தணுமா?"

மைனி சோற்றுச் சட்டியோடு வந்து, "ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தின்னுங்க. சோறு ஆறுது" என்றாள். அந்த விதியில் முதலில் மாட்டப் போவது அவள்தான் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

போன தடவை, அந்த வருடத் திருவிழா முடிந்த கையோடு நடந்த தேர்தலில் எங்கள் தெரு அன்பியம் மைனியைப் பிரதிநிதியாக அனுப்பியது. பதினொரு பேர் கூடித் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக். நல்ல மனிதர், ஊரில் பாதி வள்ளம் அவர் கையால்தான் ஓடுகிறது. இன்னொருவர் மைனி. மெக்கானிக்குக்கு ஐந்து கை. மைனிக்கு அவள் கையையும் சேர்த்து ஆறு. ஒரு பெண் துணைத்தலைவராக வருவது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மைனிக்கு வரவில்லை. அடுத்த வாரமே குளச்சலுக்குப் போய் நீலத்தில் வெள்ளிக்கரை போட்ட ஒரு பட்டுச் சேலை எடுத்து வந்தாள். திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மாதா சப்பரம் தெருத்தெருவாகப் போகும்போது, ஆள் உயர மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நடப்பவர் துணைத்தலைவர். ஆண்கள் வேட்டி கட்டி நடந்து பார்த்திருக்கிறோம். சேலை கட்டி ஒருத்தி நடந்து பார்த்ததில்லை. மைனி அந்தச் சேலையை என்னிடம் நாலு தடவை உடுத்திக் காட்டியிருப்பாள். "மெழுகு ஒழுகி விழுந்தா கறை போவாதே ஏட்டி?" என்று கேட்பாள். அவளுக்கு அந்தப் பதவி மேல் ஆசை இருந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆசையில்லாததை விடுவது பெரிய காரியமில்லை.

ஆனால் அவள் பதவிக்கு நின்றது சேலைக்காக இல்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையின் ஆறு வயது மகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் நான் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே, சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த சுனாமி காலனியில் அவளுக்கும் ஒரு வீடு கிடைத்தது. அங்கே போனவள் சானல் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் கால் எடுத்து வைத்ததே இல்லை. இருபது வருடம். கோயிலுக்குக்கூடக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வேறு ஊருக்குப் போகிறாள். எங்கள் திருவிழா நாட்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து தூரத்து மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். மாதாவைப் பார்த்து இருபது வருடம் ஆகிவிட்டது என்று ஒருமுறை சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது மட்டும்தான் மைனி குரல் தாழ்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

காலனியில் இரண்டு அன்பியங்கள். அவர்களும் எங்கள் பங்குதான், வரி கொடுக்கிறார்கள், திருவிழாவுக்கு வந்து வேலை செய்கிறார்கள். ஆனால் சப்பரம் ஒரு தடவைகூடக் காலனிக்குப் போனதில்லை. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பேரவையில் மைனி எழுந்தாள்.

"இந்த வருஷம் மாதா சானல் பாலம் தாண்டிக் காலனிக்குப் போவா" என்றாள்.

ஆரம்பித்தது. மெக்கானிக் எழுந்து, கடற்கரைத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் சப்பரம் நின்று ஜெபம் சொல்லித்தான் போக வேண்டும், அது வழக்கம் என்றார். "காலனிக்குப் போய் வாறதுன்னா ரெண்டு மைல். தூக்குதவன் தோளு என்ன இரும்பா? கடைசியில எங்க தெருவுல மாதா ஓடுவா. கும்பிட்டு முடியுமுன்ன போயிருவா." அவர் பேசியது பொய்யில்லை. எங்கள் ஊரில் வீட்டு வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை மாதா நம் வீட்டு முன்னால் நிற்கிறாள் என்பது சின்ன விஷயமில்லை. மைனி விடவில்லை. "ஒரு மணிக்கூர் முன்ன எறங்கினா எல்லா வீட்டுக்கும் நிக்கலாம்" என்றாள். கூட்டம் முடியும்போது ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு போனார்கள்.

திருவிழாக் கொடி ஏறிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்கும் மற்ற நாலு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம் என் கையிலேயே வந்தது. துணைத்தலைவர் மேல் நம்பிக்கை இல்லை. அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு. அதற்கு ஆறு நாள் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம் சப்பரம்.

நான் இரண்டு நாள் லீவு போட்டு எழுதிய விதி. சொந்த மைனி தலையிலேயே வந்து விழுகிறது. பழைய முறையாக இருந்தால், குடும்பம் குடும்பமாகச் சீட்டுப் போட்டு அவளை வைத்திருந்தால், மூன்று வருடம் எவனும் அசைத்திருக்க முடியாது. கடிதத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "நடுக்கடல்ல எறக்குதானுவ. நான் அப்பமே சொன்னேன் கேட்டியா."

"உன் வாய வச்சிட்டுச் சும்மா இரி" என்றேன். பிறகு நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். விரல் விட்டு எண்ணினேன். அவர்கள் பக்கம் ஐந்து. மைனி பக்கம் கரைக்காரர்கள் மூன்று, காலனிக்காரர்கள் இரண்டு, மைனி ஒன்று. ஆறு. காலனிக்கு வழி விடுவதற்காகத்தானே இந்தச் சண்டையே? காலனிக்காரர்கள் கை மாறுமா? ஒரு கை வித்தியாசம் போதும், ஆட்சி நிற்கும். வகுப்பில் சொல்வது போலவே மைனிக்கு விளக்கிச் சொன்னேன். அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, இந்த ஆறு கை எத்தன நாளைக்கு இரிக்கும்?"

"உங்க காலம் முடியறவரைக்கும். இன்னும் ரெண்டு வருஷம்."

"பெறவு?"

"பெறவு வேற ஆளு வருவா."

"வாற ஆளு வழிய மாத்தலாமா?"

"மாத்தலாம். ஆறு கை இருந்தா என்னத்த வேணும்னாலும் மாத்தலாம்."

மைனி சட்டியில் தண்ணீர் ஊற்றி மீனைக் கழுவினாள். வெள்ளிக்கிழமை சந்தையை மதியமே முடித்துவிட்டுக் காலனிக்குப் போனாள். தங்கையைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மண்டபத்தில் கூடினோம். ஃபாதர் நடுவில், நான் நோட்டுப் புத்தகத்தோடு ஓரத்தில். மைனி சாதாரணப் பருத்திச் சேலையில் வந்திருந்தாள். ஃபாதர் ஜெபம் சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லை என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

மெக்கானிக் தூக்கினார். அவர் ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். ஐந்து என்று எழுதப் பேனாவை வைத்தேன். காலனி அன்பியத்தின் பிரதிநிதி, ஆட்டோ ஓட்டுபவர், கை தூக்கினார். அவர் பக்கத்தில் காலனியின் இன்னொரு பிரதிநிதி, தையல்காரப் பெண், தலையைக் குனிந்துகொண்டு அவளும் கை தூக்கினாள்.

ஏழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெக்கானிக்கே வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்த்தார். மைனி ஜன்னல் வழியாகக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதிப்படி உடனே அடுத்த துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்கானிக் நின்றார். மைனி நிற்கவில்லை. ஃபாதர் கை கேட்பதற்கு முன் ஆட்டோக்காரர் எழுந்தார்.

"ஃபாதர், எங்க ரெண்டு கையும் வேணும்னா ஒரு காரியம் எழுதணும். மாதா வருஷா வருஷம் காலனிக்கு வரணும். ஒரு மணிக்கூர் முன்ன எறங்கணும், கரையில ஒரு வீட்டயும் விடாம நிக்கணும். எங்களுக்கு ஆளு முக்கியமில்ல. வழிதான் முக்கியம். அவரு செரின்னா நாங்க அவருக்குத் தூக்குவோம்."

மெக்கானிக் நெற்றியைத் தடவினார். அவரிடம் ஐந்து கை இருந்தது, ஆறு வேண்டும். எதிரே ஆள் உயர மெழுகுவர்த்தி நிற்பது போல அவர் முகத்தில் தெரிந்தது. தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "ஒரு மணிக்கூர் முன்ன எறங்கினா நம்ம தெருவுக்கும் கொறவு இல்லதானலே?" என்று கேட்டார். ஒரு மாதமாக அந்த ஒரு மணி நேரம் போதாது என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாலு பேரும், போதும் என்று தலையாட்டினார்கள்.

"எழுதுங்க டீச்சர்" என்றார் ஃபாதர். எழுதினேன். கோபத்தில் கிறுக்கியதால் அந்தப் பக்கம் எழுத்து இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. ஏழு கையோடு மெக்கானிக் துணைத்தலைவரானார்.

வெளியே வந்ததும் ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டேன். நன்றி கெட்ட ஜனம், உங்களுக்காக நின்றவளை உங்கள் கையாலேயே தள்ளிவிட்டீர்களே, நல்லா இருப்பியளா என்றெல்லாம் கேட்டேன். கோயில் முற்றத்தில் அத்தனை பேர் பார்த்தார்கள். அவர் கண் கலங்கி, "அக்காட்ட கேளுங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார்.

அண்ணன் வீட்டுக்குப் போனால் மைனி அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசல்படியில் வலைக்கு ஈயக்கட்டி கோத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை அதுக்காகவா காலனிக்குப் போனீங்க?" என்றேன்.

"ஓ, அதுக்குத்தான்" என்றாள்.

"நீங்களே உங்கள எறக்கச் சொன்னீங்களா? ஆறு கை இருந்துச்சே மைனி! ஜெயிச்சிருப்பீங்களே!"

மைனி மிக்சியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஜெயிச்சிருந்தா மாதா இந்த வருஷம் போயிருப்பா. அடுத்த வருஷமும் போவா. பெறவு? நீதானே சொன்ன, வாற ஆளு மாத்தலாம்னு. நான் வச்ச வழின்னா நான் போன அன்னைக்கே மூடிருவானுவ. இப்பம் அது அவருக்க வழி. அவரு ஆளுவளே கை தூக்கின வழி. இனி எவன் மூட வருவான்?"

"அதுக்கு அந்த ரெண்டு பேரும் சம்மதிச்சாங்களா?" என்றேன்.

"அந்த ரெண்டு பேரும் முதல்ல சம்மதிக்கல்ல பாத்துக்க. அந்தத் தையல்காரி அழுதா. கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டு வந்தேன்." தேங்காய் விழுதை வழித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நீ பாவம். உனட்ட சொன்னா மூஞ்சியிலயே எழுதி ஒட்டிருவ. மெக்கானிக் கண்டுபிடிச்சிருவாரு."

சந்தையில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா என்று பிறகு நினைத்தேன். எதைக் கொடுத்தால் எது கிடைக்கும், கிடைத்தது கையில் நிற்குமா என்பது அவளுக்கு அத்துப்படி. நேரடியாகச் சீட்டுப் போட்டு ஜெயித்திருந்தால் அவளிடம் மூன்று வருடம் இருந்திருக்கும், விற்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இந்த முறையில் அவள் நாற்காலிக்கு ஒரு விலை இருந்தது, அதைச் சரியான நேரத்தில் விட்டுக்கொடுத்து வேண்டியதை வாங்கினாள். கோட்டுக்கு வலப்பக்கம் இதை எழுதிய ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. எழுதியிருந்தால் தப்பு போட்டிருப்பேன்.

அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "சேலை?" என்று கேட்டுவிட்டு அழுதேன். மைனிக்கும் அப்போதுதான் கண் நிறைந்தது. "சவம் போவட்டும் ஏட்டி. சேலை கட்ட மெழுகுவர்த்தி வேணுமா என்ன?" என்று முந்தானையால் என் முகத்தையே முதலில் துடைத்தாள். முந்தானை முழுக்கத் தேங்காய் வாடை.

சனிக்கிழமை வெயில் தாழும் முன்பே சப்பரம் இறங்கியது. மெக்கானிக் பட்டு வேட்டி கட்டி, மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தை அசைக்காமல் முன்னால் நடந்தார். கரைத் தெருக்களில் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. அண்ணன் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தான். மைனியைத் தேடினேன், காணவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

சானல் பாலத்தைச் சப்பரம் தாண்டியபோது காலனியில் யாரோ வெடி போட்டார்கள். வாசலுக்கு வாசல் மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. வெள்ளைத் துணி இல்லாதவர்கள் புதுத் துவர்த்துத் துண்டு விரித்திருந்தார்கள். கரைக்காரர்கள் காலனிச் சந்துகளை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "இம்புட்டுப் பேரு இங்க இரிக்காவளா?" என்று என் பின்னால் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

மூன்றாவது வரிசையில் கடைசி வீடு தங்கையுடையது. அவள் வாசலில் மேசைக்குப் பின்னால் நின்றாள். மேசையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி சின்ன வெள்ளிக் கொலுசு இருந்தது. அவள் பக்கத்தில், நீலத்தில் வெள்ளிக்கரை போட்ட பட்டுச் சேலை கட்டி, மைனி.

சப்பரம் நின்றது. தங்கை மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது, யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் முன்னால் நிற்கும் மெக்கானிக்கையும் அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தியையும் பார்த்துவிட்டு மைனி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீயில்லா அங்க முன்னால நடக்கணும்?"

"முன்னால நடந்தா நடந்து போய்க்கிட்டே இருக்கணும் மக்கா" என்றாள் மைனி. "உன்கூட இங்க நிக்க முடியாதே."

தங்கை மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் முடிந்து சப்பரம் நகர்ந்தபோது அவர்கள் இரண்டு பேரும் அந்த மேசைக்குப் பின்னாலேயே நின்றார்கள்.